கரிசல் காட்டு அசுவினிகள்: செடியைச் சொன்னால் பூச்சியைச் சொல்லலாம்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரக் கரிசல் காடுகளில் ஒரே பேச்சுத்தான். "பேன் விழுந்துவிட்டது" என்பார்கள். தீபாவளிச் சரக்கு போனபின், பட்டாசு ஆலைகளுக்குச் சென்றவர்களில் சிலர் காட்டு வேலைக்குத் திரும்பும் நேரம் அது. பருத்தி சப்பை கட்டியிருக்கும். உளுந்தும் பாசிப்பயறும் காய் பிடித்திருக்கும். மல்லி பூவெடுக்கும். எல்லாவற்றின் கொழுந்திலும் பொடிப்பொடியாகப் பூச்சிகள் அப்பியிருக்கும். தொட்டால் விரல் பிசுபிசுக்கும். கடைக்குப் போய்ப் "பேனுக்கு மருந்து" என்று கேட்டால் ஒரு புட்டி கிடைக்கும். அந்த ஒரே மருந்தைப் பருத்திக்கும் பயறுக்கும் மல்லிக்கும் அடித்துவிட்டு, மிச்சத்தை வரப்போரத்து எருக்கஞ்செடியின் மீதும் தெளித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.

இவ்வாறு செலவழியும் காசில் ஒரு பகுதி வீண்; இன்னொரு பகுதி கேடு. எருக்கில் இருப்பது வேறு பூச்சி, மல்லியில் இருப்பது வேறு பூச்சி, உளுந்தில் இருப்பது இன்னொன்று. பேன், செடிப்பேன், அசுவணி, அசுவினி என்று எப்படி அழைத்தாலும் அது ஒரு பூச்சியின் பெயரல்ல. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். உலகில் 5,000-க்கும் மேற்பட்ட அசுவினி இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே செடியையோ, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சில செடிகளையோ மட்டுமே நம்பி வாழ்பவை. கண்ட செடியில் எல்லாம் வாய் வைப்பவை மிகச் சிலவே. எனவே பூச்சி இருக்கும் செடி எது என்பதைச் சரியாகக் கவனித்தால், உருப்பெருக்கி இல்லாமலே அது எந்த இனம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பூச்சியியலார் செய்வதும் இதுவே. இங்கிலாந்தைச் சேர்ந்த பிளாக்மன், ஈஸ்டாப் என்ற இரு அறிஞர்கள் 1984-இல் வெளியிட்ட உலகப் பயிர்களின் அசுவினிகள் பற்றிய நூலில், பூச்சியின் பெயரைத் தேடுவதற்குப் பயிரின் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் அசுவினிதானா?

அசுவினி ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ளது. பேரிக்காய் வடிவ மென்மையான உடல். வயிற்றின் பின்புறத்தில், மேல்பக்கமாக, இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குழல்களே முக்கிய அடையாளம். தத்துப்பூச்சி தொட்டதும் குறுக்காக ஓடும். வெள்ளை ஈ செடியை அசைத்தால் மாவுபோல் பறக்கும். இலைப்பேன் ஊசிபோல் மெலிந்தது; பெயரில் பேன் இருந்தாலும் அது அசுவினி அல்ல. அசுவினியோ தொட்டாலும் இடத்தைவிட்டு அசையாமல் கூட்டமாக அப்பிக் கிடக்கும்.

தமிழகச் சமவெளியில் காணும் பயிர் அசுவினிகளில் ஆண் பூச்சியைக் காண்பது மிக அரிது. பெண்ணே ஆணின்றிக் குட்டி ஈனும், முட்டையிடுவதில்லை. பிறந்த குட்டி ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானும் ஈனத் தொடங்கிவிடும். ஆகவேதான் நேற்று நான்காக இருந்தது அடுத்த வாரம் கொழுந்தை மூடிவிடுகிறது. கூட்டம் நெருங்கிவிட்டாலோ, செடி முற்றிக் காயத் தொடங்கினாலோ இறக்கை முளைத்த குட்டிகள் பிறந்து காற்றோடு வேறு செடி தேடிப் போகும். பலத்த மழை இவற்றைக் கழுவித் தள்ளிவிடும். மழை விட்ட வறண்ட நாட்களில் மீண்டும் பெருகும். பட்டாசுத் தொழிலுக்கு ஏற்றதாகச் சொல்லப்படும் இந்த வட்டாரத்து வறண்ட வானிலை, அசுவினிக்கும் ஏற்றதாகவே இருக்கிறது.

அசுவினிக் கணக்கெடுப்பில் புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. இறக்கை முளைத்த அசுவினி காற்று இறக்கிவிட்ட இடத்தில் எல்லாம் உட்காரும். வெங்காயத் தாளிலும் உட்காரும், கம்பந்தட்டையிலும் உட்காரும். உட்கார்ந்த செடியெல்லாம் அதன் உணவுச் செடி அல்ல. எந்தச் செடியில் தங்கிக் குட்டி ஈன்றிருக்கிறதோ, எந்தச் செடியில் குட்டிகள் வளர்ந்து தாயாகியிருக்கின்றனவோ, அதுவே உணவுச் செடி. தாயும் குட்டியும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே செடியின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எருக்கஞ்செடியின் மஞ்சள் பேன்

சிவகாசியைச் சுற்றிப் பட்டாசு ஆலைகளுக்கு இடையே தரிசு நிலம் நிறைய உண்டு. சாலையோரமும் தரிசும் சீமைக் கருவேலுக்கு அடுத்தபடியாக எருக்கின் ஆட்சிதான். எருக்கங்கொழுந்திலும் பூக்காம்பிலும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், கறுப்புக் கால்களும் கறுப்புக் குழல்களும் கொண்ட அசுவினி கூட்டமாக இருக்கும். ஏபிஸ் நீரி என்பது அதன் பெயர். அரளியிலும் வேலிப்பருத்தியிலும் இருப்பது இதுவே. பார்ப்பதற்குப் பயமாக இருக்கும். "இங்கிருந்துதான் நம் பருத்திக்கு வருகிறது" என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். அது உண்மையல்ல. எருக்கின் நச்சுப் பாலுக்குப் பழகிப்போன இந்த இனம் பருத்தியிலோ உளுந்திலோ குடியேறிப் பெருகுவதில்லை.

கேடு செய்யாதது மட்டுமல்ல, ஒரு வகையில் உதவியும் செய்கிறது. காட்டில் பயிர் இல்லாத காலத்தில் பொறிவண்டுகளுக்கு இரை வேண்டும். எருக்கின் மஞ்சள் பேன் அவற்றுக்கு நல்ல விருந்து அல்ல. செடியின் நஞ்சு பூச்சியின் உடலிலும் இருப்பதால், அதைத் தின்று வளரும் வண்டு, பயறு அசுவினியைத் தின்று வளர்வது போலச் செழிப்பதில்லை. ஆயினும் பஞ்ச காலத்துக் கஞ்சி போல அது உயிரைக் காப்பாற்றுகிறது. மழை பெய்து பயிர் கிளம்பியதும் வண்டுகள் எருக்கைவிட்டுக் காட்டுக்குள் இறங்குகின்றன. எனவே எருக்கின் மேல் மருந்து தெளிப்பது காவற்காரனுக்கு விஷம் வைப்பதற்குச் சமம். ஆலை வளாகத்துக்குள் தீ விபத்தைத் தடுக்கச் செடிகொடிகளை வெட்டி அகற்றுவது வேறு விஷயம், அது அவசியம். ஆனால் பேன் ஒழியட்டும் என்று வரப்பு எருக்குக்குத் தீ வைப்பது பயனும் அற்றது, பட்டாசு ஆலைகள் நிறைந்த பகுதியில் பேராபத்தும் ஆகும்.

பயறு வகையின் கறுப்புப் பேன்

தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு, மொச்சை, நிலக்கடலை இவற்றில் காண்பது ஏபிஸ் கிராக்சிவோரா. வளர்ந்த பூச்சி எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் கறுப்பு, கால்கள் வெளிறியிருக்கும். குட்டிகள் சாம்பல் பூத்தவை. அகத்தி, கிளைரிசிடியா, முருங்கை ஆகியவற்றிலும் இது வாழும். அவரைக் குடும்பமே இதன் தாய்வீடு. பருத்தியில் இது பெருகுவது அரிது.

இந்த ஒரு செய்தியைப் பருத்தி விவசாயிகள் பயன்படுத்திக்கொள்ளலாம். பருத்தியைச் சுற்றி வரப்புப் பயிராகவோ, ஊடுபயிராகவோ தட்டைப்பயறு விதைக்கச் சொல்வதன் காரணம் இதில்தான் இருக்கிறது. தட்டைப்பயற்றில் கறுப்பு அசுவினி வரும். அதைத் தின்னப் பொறிவண்டும், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் வந்து பெருகும். பின்னர் அவை பக்கத்துப் பருத்திக்குத் தாவும். தட்டைப்பயற்றில் பேனைக் கண்டதும் பதறி மருந்தடித்தால், விதைத்த நோக்கமே பாழ். பயறைத் தனிப் பயிராக விளைவிப்பவர்கள், இரண்டரை சென்டிமீட்டர் நீளக் கொழுந்தில் 20 பூச்சிகளுக்கு மேல் இருந்தால் மட்டுமே மருந்து பற்றி யோசித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பொறிவண்டின் புழு, வண்டைப் போல அழகானதல்ல. கருமையும் மஞ்சள் புள்ளிகளுமாக, சின்னஞ்சிறு முதலை போல இலையில் ஊரும். அதையே பயிரைத் தின்னும் புழு என்று எண்ணி நசுக்கிவிடுகிறார்கள். வண்டாக மாறுமுன் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்று தீர்ப்பது இந்தப் புழுதான். அதேபோல் அசுவினிக் கூட்டத்தில் சில, ஊதி உருண்டு பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். சிலவற்றில் வட்டமான துளை இருக்கும். அவை ஒட்டுண்ணிக் குளவி புகுந்தவை. அத்தகைய செடிகள் நிறைய இருந்தால் கைத்தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

நிறம் மாறும் பருத்திப் பேன்

கண்டதையெல்லாம் உண்ணும் சில இனங்களுள் முதன்மையானது பருத்தி அசுவினியான ஏபிஸ் காசிப்பி. பருத்தி, வெண்டை, கத்தரி, மிளகாய், பூசணி, வெள்ளரி, கொய்யா என்று இதன் பட்டியல் நீளும். நிறத்தை வைத்து இதை அடையாளம் காண முயன்றால் ஏமாந்துபோவோம். வெயிலும் நெருக்கமும் மிகுந்தால் சிறுத்து வெளிர்மஞ்சளாக இருக்கும். குளிர்ந்த பருவத்தில் பெரிதாகிக் கரும்பச்சையாகவும், ஏறக்குறைய கறுப்பாகவும் மாறும். ஒரே இலையில் இரு நிறமும் இருக்கும். இந்த ஒரே பூச்சிக்கு வெவ்வேறு நாட்டினர் வெவ்வேறு பெயர் சூட்டி, பின்னர் எல்லாம் ஒன்றே என்று கண்டுகொண்டது அசுவினி இயலின் பழைய கதை.

2002-இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி காய்ப்புழுவைத்தான் எதிர்க்கும். அசுவினிக்கு அதில் தடை ஏதும் இல்லை. வீரிய விதை பெரும்பாலும் மருந்து நேர்த்தி செய்யப்பட்டே வருவதால் முதல் சில வாரங்கள் பேன் தெரியாது. அதன் பிறகே வரும். இளம் பயிரில் இலை சுருண்டு வளர்ச்சி குன்றும். அதைவிடக் கவனிக்க வேண்டியது காய் வெடித்த பின் வரும் பேன். அதன் தேன் போன்ற கழிவு வெடித்த பஞ்சில் சொட்டும். அதில் கரும்பூசணம் படரும். பிசுபிசுத்த பஞ்சு நூற்பாலை இயந்திரத்தில் ஒட்டி இழை அறுக்கும். இராஜபாளையம் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே பஞ்சு விளைவிப்பவர்களுக்கு விலை ஏன் குறைகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒட்டும் பஞ்சைத் தனியாகப் பறித்து வைக்க வேண்டும். நல்ல பஞ்சோடு கலந்தால் எல்லாமே கெடும்.

மிளகாயில் இந்தப் பூச்சி சாறு உறிஞ்சுவதைவிடத் தேமல் நச்சுயிரியைப் பரப்புவதே பெரிய சேதம். நோயுற்ற செடியில் சில நொடிகள் ஊசியைக் குத்திச் சுவை பார்த்தாலே போதும். அடுத்த செடியில் குத்தும்போது நோய் ஏறிவிடும். மருந்து வேலை செய்து பூச்சி சாகுமுன் நோய் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே தேமல் நோய்க்கு மருந்தை மட்டும் நம்பிப் பயனில்லை. நாற்றங்காலை வலையால் மூடுவதும், மிளகாயைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளம் அல்லது மக்காச்சோளம் விதைப்பதும் உதவும். பறந்து வரும் பூச்சி முதலில் சோளத்தில் இறங்கிக் குத்திப் பார்க்கும்போது அதன் ஊசியில் உள்ள நச்சு அங்கேயே கழிந்துவிடும். சோளத்துக்கு என்று வரும் அசுவினிகளோ மிளகாயில் தங்கிப் பெருகுவதில்லை. யார் எந்தச் செடிக்கு உரியவர் என்று தெரிந்ததால் கிடைத்த வழி இது.

சோளம், மல்லி, வாழை

சோளத்தில் இரு இனங்கள். குருத்துக்குள் ஒளிந்திருக்கும் நீலப்பச்சைப் பூச்சி ரோபலோசைபம் மெய்டிஸ், மக்காச்சோளத்திலும் இதுவே. அடி இலைகளின் பின்புறம் வெளிர்மஞ்சளாக அப்பியிருப்பது மெலனாபிஸ் இனம். இது நெடுங்காலம் கரும்பு அசுவினி என்றே அழைக்கப்பட்டது. 2013-இல் அமெரிக்காவில் சோளக் காடுகளை இது பெருவாரியாகத் தாக்கியபின் நடந்த ஆய்வுகளில், கரும்புக்கு உரியதும் சோளத்துக்கு உரியதும் தனித்தனி இனங்கள் என்று தெளிவாயிற்று. சோளக் கதிரில் காணும் தேன் ஒழுகல் பூசண நோய். அசுவினியின் பிசுபிசுப்பு இலையில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்த மாவட்டத்து மானாவாரிக் கரிசலின் பேர்பெற்ற பயிர் மல்லி. அதன் பூங்கொத்தில், திருநீறு தூவியதுபோல் வெண்பொடி படிந்த வெளிர்பச்சை அசுவினி அப்பும். ஹயடாபிஸ் கொரியாண்ட்ரி என்பது பெயர். மல்லியின் பெயரையே தாங்கியிருக்கிறது. சீரகம், சோம்பு ஆகியவற்றிலும் உண்டு. பருத்திக்கோ பயறுக்கோ போகாது. பூக்கும் தருணத்தில் வருவதுதான் சங்கடம். அப்போது மல்லிக் காட்டில் தேனீக்களின் ரீங்காரம் கேட்கும். மணி பிடிப்பதில் தேனீயின் பங்கு பெரிது. பூவில் கடும் மருந்தைத் தெளித்தால் பேனோடு தேனீயும் போகும், விளைச்சலும் குறையும். பூவெடுக்குமுன் கொழுந்தைப் பார்த்து, தென்பட்டால் அப்போதே வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பது சிறந்தது. 5 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கிச் சிறிது காதி சோப்புச் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, இராஜபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் வாழை உண்டு. வாழையின் உறை இடுக்கிலும் குருத்தின் அடியிலும் ஒளிந்திருக்கும் கரும்பழுப்பு அசுவினி, பென்டலோனியா. முடிக்கொத்து நோயைக் கன்றிலிருந்து கன்றுக்குக் கொண்டுபோவது இதுவே. இந்த உண்மையை ஆஸ்திரேலியாவில் மேகீ என்பவர் 1920-களில் நிறுவினார். இந்தியாவில் நோய் 1940-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. பழனி மலையின் விருப்பாச்சி வாழைச் சாகுபடி சுருங்கிப்போனதற்கு முதற்காரணம் இந்நோய்தான். நோய் கண்ட மரத்துக்கு மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அதற்கு முன் அதிலுள்ள அசுவினியைக் கொல்ல வேண்டும். இல்லையேல் வெட்டும்போது அவை பக்கத்து மரத்துக்கு நகரும்.

ஏலத்திலும் சேம்பிலும் காணும் அசுவினி, வாழை அசுவினியின் ஒரு வகையே என்று பலரும் கருதிவந்தனர். 2010-இல் அவை வேறு வேறு இனங்கள் என்று உறுதி செய்யப்பட்டது. சேம்பின் இனம் முற்றிலும் குற்றமற்றது அல்ல. ஆனால் நோய் பரப்புவதில் வாழை இனத்துக்கு இணை அல்ல.

பெயர் தெரிந்ததால் தீர்ந்த துன்பம்

இந்திய அசுவினிகளைப் பட்டியலிடும் வேலை நூறாண்டுக்கும் மேற்பட்டது. லாகூர் வட்டார அசுவினிகளைப் பற்றி பி. தாஸ் எழுதிய ஆய்வு 1918-இல் வெளியாயிற்று. மேலே சொன்ன மல்லி அசுவினிக்கு முதன்முதலில் விளக்கம் எழுதியவர் அவரே. 1950-களில் கனகராஜ் டேவிட் தென்னிந்திய அசுவினிகளை ஆராய்ந்து எழுதினார். ராய்சௌத்ரி தலைமையில் கல்கத்தாவில் வளர்ந்த ஆய்வுக்குழு வடகிழக்கு மாநிலங்களின் அசுவினிகளைத் தொகுத்து 1980-இல் நூலாக்கியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த்தான் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அசுவினிக் கல்விக்கும் அதே ஊர்தான் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

பெயர் வைப்பதால் விவசாயிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குக் கரும்பின் கதையே பதில். 2002-இல் மகாராஷ்டிரத்தில் கரும்பின் இலையடியில் வெள்ளைப் பஞ்சு போர்த்தது போல ஒரு அசுவினி தோன்றி, விரைவில் கர்நாடகத்துக்கும் தமிழகத்துக்கும் பரவியது. தோகையெல்லாம் கரும்பூசணம் படிந்து கறுத்தது. இது புதிய பூச்சி அல்ல, வடகிழக்கு மாநிலங்களில் முன்பே உள்ள செரட்டோவாக்குனா லானிஜெரா என்ற இனம் என்று அடையாளம் கண்டார்கள். அங்கே அது ஏன் அடங்கிக் கிடக்கிறது என்று பார்த்தபோது அதன் இயற்கை எதிரிகள் தெரியவந்தன. அசாமிலிருந்து என்கார்சியா என்ற நுண்குளவி கொண்டுவரப்பட்டுத் தமிழகக் கரும்பில் விடப்பட்டது. டைபா என்ற இரைவிழுங்கிப் புழுவும், மைக்ரோமஸ் என்ற பூச்சியும் பெருக்கிப் பரப்பப்பட்டன. சில பருவங்களுக்குள் பஞ்சு அசுவினியின் கொட்டம் அடங்கியது. பெயர் தெரியாமல் போயிருந்தால் எதிரி எங்கே இருக்கிறான் என்றும் தெரிந்திருக்காது.

மாதிரி எடுக்கும் முறை

காட்டில் பழக்கமில்லாத அசுவினியைக் கண்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலோ, அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டிக் கேட்கலாம். பூச்சியைக் கிள்ளி எடுக்கக் கூடாது. ஊசி போன்ற வாய் செடியிலேயே முறிந்துவிடும். கொழுந்தோடு ஒடித்துக் காகிதத்தில் சுற்றி அன்றே கொண்டுபோவது நல்லது. பாலித்தீன் பையில் வைத்தால் வியர்த்து அழுகும். மறுநாள்தான் போக முடியும் என்றால் சிறு புட்டியில் 70 சதவீதச் சாராயத்தில் போட்டு வைக்கலாம். இறக்கை உள்ளதும் இல்லாததும் இரண்டும் வேண்டும். சாராயத்தில் போட்டதும் நிறம் வெளுத்துவிடும். எனவே உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்று முன்பே எழுதிவிட வேண்டும். செடியின் பெயர், செடியின் எந்தப் பகுதி, எறும்பு கூட இருந்ததா, ஊர், தேதி இவ்வளவும் தேவை. செடியின் பெயர் தெரியாவிட்டால் பூவோடு ஒரு கிளையையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். குறிப்பைப் புட்டிக்கு உள்ளேயே போடலாம். ஆனால் மைப் பேனாவால் எழுதினால் சாராயத்தில் கரைந்து போகும். பென்சிலால் எழுதுவதே சரி.